திருடன் படித்த வீடு

இரண்டு சிறுவர்கள் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு, அவர்களில் ஒருவனுடைய வீட்டுக்குப் போகிறார்கள். வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. வீட்டுக்காரப் பையன் நண்பனுக்கு ஒவ்வோர் அறையாகச் சுற்றிக் காட்டுகிறான். கதை அவ்வளவுதான். போகிற போக்கில் கூரை ஒழுகுவது வருகிறது. அப்பா சேர்த்து வைத்திருக்கும் அரிய நாணயங்களும் வருகின்றன. அமெரிக்க உளவியலாளர்களான ஜேம்ஸ் பிச்சர்ட்டும் ரிச்சர்ட் ஆண்டர்சனும் 1977-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் பயன்பட்ட கதை இது. படித்தவர்களில் ஒரு பகுதியினரிடம், வீட்டை விலைக்கு வாங்க வந்தவராக உங்களை நினைத்துக்கொண்டு படியுங்கள் என்றார்கள். இன்னொரு பகுதியினரிடம், திருட வந்தவராக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

பிறகு, நினைவில் இருப்பதை எழுதச் சொன்னபோது, வாங்க வந்தவர்களுக்குக் கூரை நினைவிருந்தது. திருட வந்தவர்களுக்கு நாணயங்கள் நினைவிருந்தன. 1978-இல் இருவரும் இன்னொரு படி மேலே போனார்கள். எழுதி முடித்தவர்களிடம் வேடத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள்: வாங்க வந்தவர் இப்போது திருடர், திருடர் இப்போது வாங்குபவர். கதையைத் திரும்பப் படிக்கக் கொடுக்கவில்லை. ஆனாலும், சற்று முன்பு எழுதாமல் விட்ட விவரங்கள் சில புதிதாக நினைவுக்கு வந்தன. எதைத் தேடுகிறோம் என்பது படிக்கும் நேரத்தில் மட்டுமல்ல, நினைவிலிருந்து எடுக்கும் நேரத்திலும் வேலை செய்கிறது.

நம் ஊர் ஆங்கில வகுப்பில் கேள்வி எப்போதும் பாடத்துக்குப் பின்னால்தான் வரும். ஒரு பத்தி, அதன் கீழே ஐந்து கேள்விகள். பத்தியை எதற்காகப் படிக்கிறோம் என்று படிக்கும்போது யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்: பத்தியைப் படிக்கவே மாட்டார்கள். கேள்வியில் உள்ள சொல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதே சொல் பத்தியில் எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியை அப்படியே எடுத்து எழுதிவிடுவார்கள். பெரும்பாலும் முழு மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கொடுத்த வேலைக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. குறை வேலையில் இருக்கிறது.

இணையத்தில் ஆங்கிலம் படிக்கப் பழக்கும் வழிகாட்டப்பட்ட தேடல் என்ற முறை இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. முதலில் ஒரு கேள்வி. அதுவும் ஒரே பக்கத்தில் விடை கிடைக்காத கேள்வி. பிறகு, எந்தெந்தப் பக்கங்களை எந்த வரிசையில் படிப்பது என்ற ஒரு பாதை. படித்ததை வைத்துக் கடைசியில் செய்யவேண்டிய ஒரு வேலை. கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. இது ஏன் பலன் தருகிறது என்று பார்க்கப் போனால் கண்ணுக்குள்ளிருந்து தொடங்கவேண்டியிருக்கிறது.

ஒரு வரியைப் படிக்கும்போது கண் இடமிருந்து வலமாக வழுக்கிக்கொண்டு போவதாகத்தான் நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது தாவித் தாவிப் போகிறது. பாரிஸில் கண் மருத்துவராக இருந்த எமில் ஜாவாலின் ஆய்வுக்கூடத்திலிருந்து 1879-இல் இந்தச் செய்தி வெளியே வந்தது. ஆங்கிலம் படிக்கும் தேர்ந்த வாசகரின் கண் ஓரிடத்தில் ஏறத்தாழ கால் நொடி நிற்கும். பிறகு ஏழெட்டு எழுத்துகள் தாண்டி அடுத்த இடத்தில் போய் நிற்கும். தாவும் அந்தக் கண நேரத்தில் எதையும் நாம் படிப்பதில்லை. பத்துத் தாவலுக்கு ஒன்றாவது பின்னோக்கிப் போகும். புரியாத இடத்தை மறுபடி பார்க்க. தேர்ந்த வாசகருக்கும் இப்படித்தான்.

நிற்கிற இடத்தில் எவ்வளவு தெரிகிறது? ஜார்ஜ் மக்கான்கி, கீத் ரெய்னர் என்ற இருவர் 1975-இல் இதை அளக்க ஒரு குறும்பான வழி செய்தார்கள். கணினித் திரையில், கண் நிற்கும் இடத்தைச் சுற்றிச் சில எழுத்துகள் மட்டும் சரியாக இருக்கும். மற்றதெல்லாம் வெறும் எக்ஸ் குறிகள். கண் நகர்ந்தால் அந்தச் சன்னலும் கூடவே நகரும். சன்னல் போதிய அகலமாக இருந்தால் படிக்கும் வேகம் குறையவே இல்லை. பக்கம் முழுவதும் குப்பையாக இருக்க, நல்ல பக்கம் ஒன்றைப் படிப்பதுபோலவே அவர்கள் படித்துக்கொண்டு போனார்கள். இத்தகைய சோதனைகளிலிருந்து கிடைத்த அளவு இது: கண் நிற்கும் இடத்துக்கு இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்து, வலப்பக்கம் பதினான்கு பதினைந்து எழுத்து. ஏன் இந்த ஓரவஞ்சனை? படிப்பு போகும் திசை வலம் என்பதால். வலமிருந்து இடமாகப் படிக்கும் ஹீப்ரு வாசகர்களுக்கு இந்த ஓரவஞ்சனை இடப்பக்கம் திரும்பிவிடுகிறது. கண்ணின் வில்லைக்கும் விழித்திரைக்கும் இதில் பங்கில்லை. கவனம்தான் பழக்கத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது.

தமிழில் படித்துப் பழகியவர் ஆங்கில வரிக்குப் போகும்போது இந்தப் பழக்கத்தின் பெரும்பகுதி உதவுகிறது, திசை ஒன்றுதானே. சங்கடம் வேறு இடத்தில். நாம் வேற்றுமை உருபைப் பெயரின் வாலில் ஒட்டிவிடுகிறோம்: ‘குண்டூரிலிருந்து’ என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலம் அதைத் தனியாக வெட்டிப் பெயருக்கு முன்னால் ஒரு குட்டிச் சொல்லாக நிறுத்துகிறது. ஆங்கிலத்தில் தேர்ந்த கண் அந்தக் குட்டிச் சொற்களில் பாதிக்கும் மேலானவற்றில் நிற்பதே இல்லை. ஓரக்கண்ணால் வாங்கிக்கொண்டு தாண்டிவிடும். பழகாத கண் இரண்டில் ஒரு தவறு செய்கிறது. ஒவ்வொன்றிலும் நின்று நேரத்தைத் தொலைக்கும். அல்லது வாங்காமலே தாண்டிப் பொருளைத் தொலைக்கும். யார் யாரைப் பார்த்தார், எங்கிருந்து, எதன் வழியாக என்பதெல்லாம் அந்தக் குட்டிகளிடம்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு, தமிழ் வாசகர் வினைமுற்றுக்காக வரியின் கடைசிவரை காத்திருக்கப் பழகியவர். ஆங்கிலம் வினையை முன்னாலேயே கொடுத்துவிட்டு, விளக்கங்களைப் பின்னால் தொங்கவிட்டுக்கொண்டே போகிறது. நீண்ட ஆங்கில வாக்கியத்தில் நம் பிள்ளைகள் பாதியில் வழி தவறுவதற்கு அகராதியில் மருந்தில்லை. வாக்கியத்தில் யார், எங்கே, எதை என்று தேடிக்கொண்டே போகிறவனுக்குத்தான் அந்தக் குட்டிச் சொற்கள் கண்ணில் படும்.

சொல்வளம் என்ற தடையும் இருக்கிறது. அது சின்னத் தடை இல்லை. எத்தனை சொல் தெரிந்தால் படிக்கலாம் என்ற கணக்கைத் தொடங்கியவர்களில் ஒருவர் நம் துணைக்கண்டத்தில் வேலை பார்த்தவர். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தார். 1926-இல் வங்காளத்தின் இருமொழி நிலை பற்றி ஒரு நூல் எழுதினார். ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளில் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்களே, நிற்கும் நாளில் அவர்கள் கையில் என்ன மிஞ்சுகிறது என்பது அவருடைய கேள்வி. காப்பீட்டுக்காரர்கள் சொல்லும் ‘சரண்டர் மதிப்பு’ என்ற சொல்லையே அவர் எடுத்துக்கொண்டார். அரைகுறையாகப் பேசக் கற்றவனுக்குப் பேச ஆள் கிடைக்காவிட்டால் எல்லாம் போய்விடும். கொஞ்சமாவது படிக்கக் கற்றவன் ஆசிரியர் இல்லாமலும் தொடரலாம் என்பது அவர் கட்சி. அதற்காக அரிய சொற்களை நீக்கி, பழகிய சொற்களால் வாசிப்பு நூல்களை எழுதினார். 1953-இல் அவர் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள். சாதாரண ஆங்கில எழுத்தில் எண்பது விழுக்காட்டை இந்த அளவுச் சொற்களே நிரப்பிவிடும்.

எண்பது என்றதும் தெம்பு வருகிறது. ஆனால் ஐந்தில் ஒரு சொல் தெரியாத பக்கம் படிக்க முடியாத பக்கம். நியூசிலாந்தின் பால் நேஷன் 2006-இல் போட்ட கணக்கின்படி, துணையில்லாமல் நாவலோ செய்தித்தாளோ படிக்க நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தேவை. இரண்டாயிரத்துக்கும் ஒன்பதாயிரத்துக்கும் இடையில் கிடக்கும் இந்தப் பள்ளத்தைச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்து தாண்டியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒரே பொருளைப் பற்றி ஐந்தாறு பக்கம் தொடர்ந்து படிப்பது இங்கேதான் கைகொடுக்கிறது. ஸ்டீபன் கிராஷன் 1981-லேயே இதை வலியுறுத்தினார். கிரகணத்தைப் பற்றிய முதல் பக்கத்தில் தெரியாத சொல் முப்பது இருக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் பக்கத்திலும் வரும், மூன்றாம் பக்கத்திலும் வரும், ஒவ்வொரு முறையும் வேறு வாக்கியத்தில். புதிய சொல் ஒன்று வாசிப்பின் வழியாக ஓரளவு முழுமையாகப் பதிய, பத்து முறையாவது அதைச் சந்திக்க வேண்டியிருக்கும் என்று ஸ்டுவர்ட் வெப் ஜப்பானிய மாணவர்களிடம் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. பாடநூலில் ஒரு பாடம் பூகம்பம், அடுத்தது நட்பு, அதற்கடுத்தது காந்தி. எந்தச் சொல்லும் பத்து முறை வர வழியே இல்லை. தேடலில் அது தானாக நடக்கிறது. கூடவே பொருளறிவும் சேருகிறது. டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 1988-இல் 64 அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் வருணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். கிரிக்கெட் வருணனையை ஆங்கிலத்தில் சரளமாகப் படிக்கும் பையன், அதே ஆங்கிலத்தில் வங்கிக் கடிதம் வந்தால் திணறுவதை நாம் வீட்டிலேயே பார்க்கிறோம்.

சரி, இணையம் எதற்கு? ஐந்து பக்கம் அச்சடித்துக் கொடுத்தால் போதாதா? பல நேரங்களில் போதும் என்றுதான் சொல்வேன். பாப்லோ டெல்காடோவும் கூட்டாளிகளும் 2018-இல் 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 1,71,055 பேர். தகவல் எழுத்தைத் தாளில் படித்தவர்கள், திரையில் படித்தவர்களைவிடச் சற்று நன்றாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். நேரக்கெடு வைத்தபோது இடைவெளி இன்னும் கூடியது. கதை படிப்பதில் மட்டும் அந்த வித்தியாசம் இல்லை. திரையில் நாம் வேறு மாதிரி படிக்கப் பழகிவிட்டோம். ஜேக்கப் நீல்சன் 2006-இல் 232 பேரின் கண்ணசைவைப் பதிவு செய்தபோது, இணையப் பக்கத்தில் பார்வை ஆங்கிலப் பெரிய எழுத்து எஃப் வடிவில் போவது தெரிந்தது. மேலே ஒரு முழு வரி, கீழே ஓர் அரை வரி, பிறகு இடது ஓரமாகவே கீழிறக்கம். வலப்பக்கம் கீழே எழுதியதை எழுதியவர் மட்டும்தான் படித்திருப்பார்.

இதை ஒரேயடியாகக் குற்றம் என்றும் சொல்ல முடியாது. கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவன ஆய்வுக்கூடத்தில் பீட்டர் பிரோலியும் ஸ்டூவர்ட் கார்டும் 1990-களில் ஒரு கோட்பாட்டை உருவாக்கினார்கள். விலங்குகள் இரை தேடுவதைப் பற்றிச் சூழலியலாளர்கள் போட்ட கணக்குகளை எடுத்து, மனிதர்கள் தகவல் தேடுவதற்குப் பொருத்திப் பார்த்தார்கள். ஒரு புதரில் பழம் குறைந்துவரும்போது, இங்கேயே பறிப்பதா, அடுத்த புதருக்கு நடப்பதா என்று பறவை முடிவு செய்யவேண்டும். இணையத்தில் இருப்பவரும் அதே முடிவைத்தான் நொடிக்கு நொடி எடுக்கிறார்: இந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கிறதா, அடுத்த இணைப்பைத் தட்டுவதா? இணைப்பில் உள்ள நாலைந்து சொற்கள்தான் வாசனை. அந்த வாசனையை வைத்து, உள்ளே என்ன இருக்கும் என்று ஊகிக்கவேண்டும். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவருக்கு இந்த வாசனை மங்கலாகத்தான் எட்டும். தேடுபொறி காட்டும் பத்து முடிவுகளில் எது தனக்கானது என்று தெரியாமல் முதலாவதைத் தட்டுவார், புரியாமல் திரும்புவார், இரண்டாவதைத் தட்டுவார். அரை மணி நேரம் போயிருக்கும், ஒரு பத்தி படித்திருக்க மாட்டார்.

சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெர்னி டாட்ஜ் 1995 தொடக்கத்தில் இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை கண்டார். கூகுள் வருவதற்கு மூன்றாண்டுகள் முன்பு. ஆசிரியராகப் போகிறவர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர், ஒரு மென்பொருளைக் காட்ட நினைத்தார். அது கைக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக, அந்த மென்பொருளைப் பற்றிக் கிடைத்த சில அறிக்கைகளையும் இணையப் பக்கங்களையும் குழுக்களிடம் கொடுத்து, ஒரு பள்ளியில் இதைப் பயன்படுத்தலாமா என்று முடிவெடுக்கச் சொன்னார். வகுப்பு முழுவதும் அவர் பேசவே வேண்டியிருக்கவில்லை. மாணவர்கள் தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, இதையே ஒரு முறையாக்கினார்: அறிமுகம், பணி, வழிமுறை, வளங்கள், மதிப்பீடு, முடிவு. ‘வெப்குவெஸ்ட்’ என்று பெயர் வைத்தார். டாம் மார்ச் அவருடன் சேர்ந்து வளர்த்தார். சில ஆண்டுகளில் பல நாடுகளின் ஆங்கில ஆசிரியர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்.

முறையின் உயிர் ‘பணி’யில் இருக்கிறது. தகவலைப் பொறுக்கி எடுத்து ஒட்டினால் போதும் என்ற வேலை டாட்ஜுக்குப் பிடிக்காது. படித்ததை வேறொன்றாக மாற்றவேண்டும்: தீர்ப்பு சொல்லவேண்டும், ஒப்பிடவேண்டும், யாரையாவது நம்பவைக்கவேண்டும். வளங்களை ஆசிரியரே தேர்ந்து கொடுப்பதால் இரை தேடும் அலைச்சல் மிச்சம். அந்த மிச்சம் பெரிது. புதிதாகக் கற்பவரை எந்த வழிகாட்டலும் இல்லாமல் தானே கண்டுபிடிக்க விடுவது பலிப்பதில்லை என்று பால் கிர்ஷ்னர், ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் கிளார்க் மூவரும் 2006-இல் கடுமையாக எழுதினார்கள். அவர்கள் சொன்ன காரணம் எளியது. ஒரே நேரத்தில் மனம் ஏந்தக்கூடியது மிகக் கொஞ்சம். தேடுவதிலேயே அது தீர்ந்துபோனால் கற்க எதுவும் மிஞ்சாது.

ஒரு பணியை எடுத்துக்கொண்டு நடந்து பார்ப்போம். ஒன்பதாம் வகுப்புக்குப் பொருந்தும் கேள்வி: ஹீலியத்தைக் கண்டுபிடித்தது யார்?

ஒரு வரியில் விடை சொல்லிவிடலாம் போலத் தோன்றும். அங்கேதான் பொறி. முதல் பக்கமாக எளிய ஆங்கில விக்கிபீடியாவைக் கொடுக்கலாம். குறைந்த சொற்களால், சின்ன வாக்கியங்களில் எழுதப்படும் அந்தப் பதிப்பு 2001-லிருந்து இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அங்கே செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: ஆண்டு, ஊர், ஆள் பெயர் மூன்றையும் பிடிப்பது. கண் வரிகளில் நடக்க வேண்டாம். எண்ணையும் பெரிய எழுத்தில் தொடங்கும் சொற்களையும் தேடி ஓடினால் போதும். ஆங்கிலத்தில் ஊரும் பேரும் பெரிய எழுத்தில் தொடங்குவது தமிழில் இல்லாத வசதி. அதைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு.

இரண்டாவது, முழு அளவிலான கலைக்களஞ்சியக் கட்டுரை. இங்கே ஒரு சிறிய அட்டவணை நிரப்பவேண்டும்: யார், எங்கே, எந்த நாள், என்ன பார்த்தார். இப்போது கதை விரியத் தொடங்கும். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். நிழல் மேற்குக் கடற்கரையில் ஏறி மசூலிப்பட்டினம் வழியாக வங்கக் கடலில் இறங்கியது. பிரான்ஸிலிருந்து வந்த ஜூல்ஸ் ஜான்சன் குண்டூரில் நிறமாலைக் கருவியுடன் நின்றார். சூரிய விளிம்பில் எழும் தீப்பிழம்புகளின் ஒளியில் பளிச்சென்ற கோடுகளைக் கண்டார். கோடுகள் அவ்வளவு பிரகாசமாக இருக்கின்றனவே, கிரகணம் இல்லாமலும் தெரியுமோ என்று மறுநாள் பார்த்தார், தெரிந்தன. இங்கிலாந்தில் நார்மன் லாக்யர் இது எதுவும் தெரியாமல், அக்டோபர் 20-ஆம் தேதி கிரகணமே இல்லாத வானில் அதையே செய்தார். இருவர் செய்தியும் பாரிஸ் அறிவியல் கழகத்தை ஒரே நாளில் எட்டின. பிரெஞ்சு அரசு 1872-இல் இருவர் முகத்தையும் பொறித்துப் பதக்கம் அடித்தது.

அட்டவணையை நிரப்பியவர்களில் கவனமான மாணவி ஒருத்தி இங்கே நிற்பாள். பதக்கம் கிடைத்தது, கிரகணம் இல்லாமல் சூரியப் பிழம்புகளைப் பார்க்கும் வழிக்கு. ஹீலியம் எங்கே?

மூன்றாவது, நான்காவது பக்கங்கள் அதற்காக. இவற்றை ஆழ்ந்து படிக்கவேண்டும். நானாக இருந்தால் அச்சடித்துக் கையில் கொடுப்பேன். மஞ்சள் கோடு ஒன்று சோடியத்தின் இரட்டைக் கோடுகளுக்கு மிக அருகில் இருந்தது. சோடியம் 589.0, 589.6 நானோமீட்டர், இந்தக் கோடு 587.6. சோடியம்தான் என்று யாரும் எளிதில் ஏமாறக்கூடிய நெருக்கம். அது சோடியம் இல்லை, பூமியில் அதுவரை அறியாத ஏதோ ஒன்று என்ற எண்ணத்தோடு லாக்யரின் பெயர் சேர்ந்தது. வேதியியலாளர் எட்வர்ட் பிராங்க்லண்ட் அவருடன் வேலை செய்தார். ஹீலியம் என்ற பெயரை 1871-இல் பிரிட்டிஷ் சங்கத்தின் கூட்டத்தில் வில்லியம் தாம்சன் பொதுமேடையில் சொன்னார். ஜான்சன் தாம் பார்த்த கோட்டைப் புதிய தனிமம் என்று சொல்லவேயில்லை. 1895-இல் வில்லியம் ராம்சே யுரேனியம் கலந்த கனிமம் ஒன்றிலிருந்து அந்த வாயுவைப் பிரித்தெடுத்தபோதுதான் அது பூமிக்கு வந்தது. அதற்கிடையில் மசூலிப்பட்டினத்தில் இன்னொருவர் இருந்தார்: சென்னை வானாய்வகத்தின் வானியலாளர் நார்மன் போக்ஸன். அவரும் அதே கிரகணத்தில் மஞ்சள் கோட்டைப் பார்த்து, அது சோடியக் கோட்டோடு சரியாகப் பொருந்துகிறதா என்ற ஐயத்தைத் தம் அறிக்கையில் குறித்திருக்கிறார். இயற்பியலாளர் பிமன் நாத் ஹீலியத்தின் கதையை எழுதிய நூலில் போக்ஸனுக்கு உரிய இடத்தைக் கொடுத்திருக்கிறார். பல பாடநூல்களிலும் இணையப் பக்கங்களிலும் அவர் பெயர் இருக்காது.

இப்போது கேள்விக்குத் திரும்பினால், விடை ‘கண்டுபிடிப்பது’ என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. முதலில் பார்த்தவரா, வேறு என்று சந்தேகப்பட்டவரா, பெயர் வைத்தவரா, கையில் பிடித்தவரா? வகுப்பைப் பிரித்து ஒவ்வொரு குழுவும் ஒருவருக்காக வாதாடலாம். லாக்யர் கட்சியும் போக்ஸன் கட்சியும் ஒரே பக்கத்தைப் படித்தாலும் வெவ்வேறு வரிகளில் அடிக்கோடு போடுவார்கள். வாதம் தமிழில் நடக்கட்டும் என்பேன். சில ஆசிரியர்களுக்கு இது உறுத்தும். பயிற்சி வாசிப்புக்கு என்றால், புரிந்ததை எந்த மொழியில் சொன்னாலும் புரிந்ததுதான். எழுதவும் பேசவும் வராத ஆங்கிலத்தில் விடை சொல்லச் சொன்னால், படித்ததில் பத்தில் ஒரு பங்குதான் வெளியே வரும். புரியவில்லை என்று நாம் தப்பாக நினைத்துக்கொள்வோம்.

பாதை போட்டுக் கொடுப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஆசிரியர் தேர்ந்த பக்கங்கள் எல்லாம் நம்பத்தக்கவை. வெளியே அப்படி இல்லை. பசிபிக் வடமேற்கின் மரத்தில் வாழும் ஆக்டோபஸைக் காப்பாற்றுங்கள் என்று 1998-இல் விளையாட்டாக ஓர் இணையதளம் உருவாக்கப்பட்டது. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் லூவின் குழு, இணையத்தில் நன்றாகப் படிப்பவர்கள் என்று பெயர் வாங்கிய 25 ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் அதைக் காட்டியது. கிட்டத்தட்ட எல்லோரும் நம்பிவிட்டார்கள். பொய் என்று சொன்ன பிறகும் சிலர் விடவில்லை. அவர்களுக்கு ஆங்கிலம் தாய்மொழி.

பிள்ளைகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க், சாரா மக்ரூ இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் 10 பேர், செய்தி சரிபார்ப்பவர்கள் 10 பேர், பல்கலைக்கழக மாணவர்கள் 25 பேர். குழந்தை மருத்துவர்களின் இரண்டு அமைப்புகளின் தளங்களைக் கொடுத்து, எது நம்பத்தக்கது என்றார்கள். ஒன்று பல்லாயிரம் மருத்துவர்களைக் கொண்ட பழைய சங்கம். மற்றது அதிலிருந்து பிரிந்த சின்னக் குழு. பெயர் மட்டும் அதே கம்பீரம். வரலாற்றாசிரியர்களில் பலர் தளத்துக்குள்ளேயே மேலும் கீழும் கவனமாகப் படித்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் தளத்தைச் சரியாகப் படிக்கவேயில்லை. வந்தவுடன் வெளியே போனார்கள். புதிய டேப் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். குறைந்த நேரத்தில் சரியான விடைக்கு வந்தார்கள். ஊன்றிப் படிப்பதே நல்ல வாசிப்பு என்று வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான். ஊன்றிப் படிக்கத் தகுதியுள்ள பக்கம் எது என்று முடிவு செய்யும் வாசிப்பு அதற்கு முன்னால் வருகிறது. ஆகவே ஹீலியப் பாதையிலும் ஒரு பக்கத்தை வேண்டுமென்றே பலவீனமானதாக வைக்கலாம்: ஜான்சன் குண்டூரில் புதிய தனிமத்தை அறிவித்தார் என்று அடித்துச் சொல்லும் பக்கங்கள் எளிதாகக் கிடைக்கும். எந்த ஆதாரத்தைக் காட்டுகிறது என்று தேடச் சொன்னால் போதும்.

இப்போது எல்லாக் கைபேசியிலும் மொழிபெயர்ப்புப் பொத்தான் இருக்கிறது. தேடுபொறி விடையையே தொகுத்து மேலே வைத்துவிடுகிறது. பிறகு எதற்கு இந்தப் பாடு என்று ஒரு பிள்ளை கேட்டால், நியாயமான கேள்வி. ஆண்டு எது, ஊர் எது என்ற வகைக் கேள்விகளுக்கு இனி யாரும் பக்கம் படிக்கப் போவதில்லை. அதைத் தடுக்க முயல்வது வீண். போக்ஸனுக்கு ஏன் பெயர் கிடைக்கவில்லை என்று வாதாட, இரண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொற்களை எடைபோட வேண்டியிருக்கிறது. ‘பொருந்துகிறது’ என்பதற்கும் ‘பொருந்துவதாகத் தெரிகிறது’ என்பதற்கும் உள்ள வேறுபாடு தொகுப்பில் முதலில் உதிர்ந்துபோவது. மொழிபெயர்ப்பை முழுக்க விலக்கவும் வேண்டாம். ஒரு பத்தியை முதலில் ஆங்கிலத்தில் படித்து, என்ன சொல்கிறது என்று ஊகித்து, பிறகு பொத்தானை அமுக்கி ஊகத்தைச் சோதிப்பது நல்ல பயிற்சி. வரிசை மாறினால்தான் கெடுதல்.

வழிகாட்டலைப் படிப்படியாக எடுத்துவிடவும் வேண்டும். முதல் தேடலில் ஆறு பக்கமும் ஆசிரியர் கொடுத்தவை; மூன்றாவதில் நான்கு; ஆண்டு முடிவதற்குள் கேள்வி மட்டும். தேர்ந்தவரைத் தொடர்ந்து கைப்பிடித்து நடத்தினால் அதுவே சுமையாகும் என்பதும் ஸ்வெல்லர் வழிவந்த ஆய்வாளர்கள் கண்டதுதான்.

ஹீலியத்தை முடித்தவர்களுக்கு, பாதை இல்லாத அடுத்த கேள்வி ஒன்று அங்கேயே காத்திருக்கிறது. அதே கிரகணத்தைப் பார்க்கச் சென்னை வானாய்வகம் வனபர்த்தி என்ற ஊருக்கு இன்னொரு குழுவையும் அனுப்பியது. அதை நடத்தியவர் போக்ஸனின் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-இல் தென்வானில் ஒரு விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டவர். 1872-இல் லண்டன் அரச வானியல் கழகத்தில் சேர்க்கப்பட்ட முதல் இந்தியர். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடக்கப்போவதை இந்திய மொழிகளிலும் எழுதி விளக்கியவர். அவரைப் பற்றி ஆங்கிலத்தில் தேடுகிறவர்கள் இன்றைய எழுத்துக்கூட்டலில் அவர் பெயரைத் தட்டினால் கொஞ்சம்தான் கிடைக்கும். அக்கால ஆங்கிலேயர் ‘ரகு’வில் உகரத்துக்கு இரண்டு ‘ஓ’ போட்டு, ‘சாரி’யைத் தனியாகப் பிரித்து எழுதினார்கள். வனபர்த்தியையும் அவர்கள் வேறு மாதிரிதான் எழுதியிருக்கிறார்கள். எப்படி என்று கண்டுபிடிப்பதிலிருந்து தேடலைத் தொடங்கலாம்.